ஹாஜி ஷவ்கத்தின் இடது கன்னம்

அரிசிக் கொள்முதல் விலையை அரசாங்கம் ஏற்றிய ஆண்டின் குளிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை, ரஷீத் ஊரின் பெரிய அரிசி ஆலைக்குச் சொந்தக்காரரான ஹாஜி ஷவ்கத் கந்தீலின் இடது கன்னத்தில், யாரும் அடிக்காமலே ஓர் அறை விழுந்தது. அப்போது அவர் சவரக் கடையில் முகம் நிறைய சோப்பு நுரையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சத்தம் தெருமுனை மீன் கடைவரை கேட்டது. நுரை தெறித்துக் கண்ணாடியில் ஒட்டியது. நுரை போன இடத்தில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன. காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சவரக்காரர் உஸ்தா ஸுப்ஹியைப் பார்த்தார்கள். அவருடைய ஒரு கையில் கத்தி, மறு கையில் கிண்ணம். "அல்லாஹ் மேல சத்தியமா நான் இல்ல ஹாஜி! எனக்கு மூணாவது கை இருக்கா, நீங்களே பாருங்க!" என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஹாஜி ஷவ்கத்திடம் அதுவரை யாரும் குரல் உயர்த்திக்கூடப் பேசியதில்லை. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சவரத்தை முடி" என்று மட்டும் சொன்னார். வலது கன்னத்தை வழித்துக்கொண்டிருக்கும்போது இடது கன்னத்தில் இரண்டாவது அறை விழுந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எதிர்ச்சாரி மருந்துக்கடை நாஷித். காலையில் வியாபாரம் மந்தம் என்பதால் அவர் கல்லாவில் உட்கார்ந்து, அலெக்ஸாந்திரியாவிலிருந்து முந்தின நாள் வந்திறங்கிய நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு குறிப்பிட்ட பக்கத்தை அவர் படித்தபோது தெருவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. சந்தேகப்பட்டுப் பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்தார். மறுபடி கேட்டது. மூன்றாவது முறை படிக்க அவருக்கு மனம் வரவில்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது. ஹாஜியிடம் வேலை இழந்தவர்களும், நெல் எடையில் அவரோடு தகராறு செய்தவர்களும், ஒரு பகையும் இல்லாதவர்களும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தார்கள். அந்த வாரம் ஹாஜி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கன்னத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டார். சத்தம் மட்டும் ஜன்னலைத் தாண்டித் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

நாவலை எழுதியவள் ஹாஜியின் சொந்தப் பேத்தி தஹானி. அலெக்ஸாந்திரியாவில் பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆலைக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதையை நான்கு பாகங்களாக எழுதுவது அவள் திட்டம். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருந்தாள். ஆற்றங்கரையில் களிமண்ணும் கடனுமாக ஆலையைக் கட்டியெழுப்பிய கொள்ளுத்தாத்தாவின் கதை முதல் பாகம். அது வந்தபோது அவளுடைய அப்பா ரஃப்அத் பெட்டி நிறைய வாங்கி, மூட்டைக் கணக்கில் அரிசி எடுப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். "என் பொண்ணு எழுதினது. எங்க குடும்பம்தான், பேரை மட்டும் மாத்தியிருக்கா" என்று பெருமையாகச் சொன்னார். இந்தப் பெருமையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் நினைத்தார்கள்.

இரண்டாம் பாகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு நிச்சயதார்த்த விருந்து வருகிறது. ஆலை முதலாளியின் மகன் நண்பர்களோடும் மாவட்ட அதிகாரியோடும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். வயதான வேலைக்காரி தட்டில் காப்பி கொண்டுவருகிறாள். அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையில் காப்பி சிந்துகிறது. முதலாளியின் மகன் எழுந்து, அத்தனை பேர் முன்னால் அவள் கன்னத்தில் அறைகிறான். அவள் உடைந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு போய், வேறு காப்பி போட்டுக் கொண்டுவருகிறாள். இரண்டாவது தட்டு கொஞ்சமும் ஆடவில்லை. அவனைப் பெற்றவள் அவள்தான் என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பக்கம் அங்கே முடிகிறது. விருந்து நடந்தது உண்மை என்பது எங்கள் ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். எங்கள் தகப்பன்மார்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த வேலைக்காரியின் பெயர் மப்ரூகா. அதற்குப் பிறகு அவள் சாகும்வரை ஷவ்கத்தின் கையில் காப்பியைக் கொடுத்ததில்லை. மேசை ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வாள்.

ஹாஜி ஷவ்கத் தன் வாழ்நாளில் நாவல் படித்ததில்லை. மகன் ரஃப்அத்திடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். ரஃப்அத் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் காற்று, பேரீச்ச மரம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். கன்னம் சும்மா இருந்ததால் பொய் அப்போதே பிடிபட்டது. "பேத்தியைக் கூப்பிடு" என்றார் ஹாஜி.

தஹானி பகல் வண்டியில் வந்தாள். கூடத்தில் நுழைந்தவள் தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா, உட்காரு" என்றார் அவர். "அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்க?"

அவள் விருந்தைப் பற்றிச் சொன்னாள். காப்பியைப் பற்றிச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"காப்பி சிந்தினது நெசம். அறைஞ்சதும் நெசம். யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன். ஒனக்கு யாரு சொன்னா?"

"மப்ரூகாதான் கித்தோ. சின்னப் புள்ளையில அவகூட உக்காந்து அரிசியில கல்லு பொறுக்குவேன்ல, அப்ப சொல்லுவா." தாத்தாவை அவள் கித்தோ என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னைச் சொன்னாளா?"

"யாரையும் பேர் சொல்ல மாட்டா. 'ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தா'ன்னு கதை மாதிரி சொல்லுவா. மொதலாளி ரெண்டு சாட்சியை வச்சு அவளை ரகசியமா நிக்காஹ் பண்ணிக்கிறார். பெரிய வீட்டம்மாவுக்குப் புள்ளை இல்ல. இவ பெத்த புள்ளையை அந்தம்மா எடுத்துக்கிறா. பால் ஊறக்கூடாதுன்னு இவ நெஞ்சுல துணியை இறுக்கிக் கட்டிவிட்டுடறாங்க. அப்புறம் இவ அதே வீட்டுல வேலைக்காரியா..." தஹானி தாத்தாவின் கன்னத்தைப் பார்த்தாள். "அந்த அறையையும் இந்தக் கதையையும் சேர்த்தது நான்தான் கித்தோ. அது கற்பனை. நாவலுக்காக எழுதினது."

ஹாஜி தரைவிரிப்பைப் பார்த்தார். "கற்பனை எனக்கு ஏன் வலிக்குது?" என்று கேட்டார்.

தஹானிக்கு அது உண்மை என்று தெரியும் என்றும் சொல்லலாம், தெரியாது என்றும் சொல்லலாம். சின்ன வயதில் அவள் ஒருமுறை, "அந்தப் புள்ளைக்கு அப்புறமாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறாள். மப்ரூகா கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு, "தெரியல கண்ணு. அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறாள். தாத்தாவைத் தவிர வேலை ஜாஸ்தியான ஆளை அந்தச் சிறுமி அந்த வீட்டில் பார்த்ததில்லை.

ரஃப்அத் வேறு வழியில் போனார். ரஷீதிலும் அலெக்ஸாந்திரியாவிலும் கிடைத்த பிரதிகளையெல்லாம் வாங்கினார். அவற்றை எரித்தால் ஹாஜிக்குத் தீக்காயம் படுமோ என்று பயந்து, படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஆற்றின் நடுவில் தள்ளினார். ஆறு அந்தப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டே கடலுக்குப் போனது. அன்று முழுதும் ஹாஜிக்கு அறை ஓயவில்லை. சாப்பிட வாயைத் திறக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவர் பருப்புத் தண்ணீரை உறிஞ்சினார். பிரதிகள் தீர்ந்த சந்தோஷத்தில் பதிப்பாளர் இரண்டாம் பதிப்பு போட்டார். பிறகு ஒவ்வொரு முறையும் ஆலைக்குத் தொலைபேசி செய்து, கன்னம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, எத்தனை அச்சிடுவது என்று முடிவு செய்யத் தொடங்கினார். அடுத்த ரமலானில் அதை வானொலி நாடகமாகப் போட்டார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் நாடு முழுக்க ஒரே நொடியில் அந்தக் காட்சியைக் கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஹாஜி நாற்காலியோடு சாய்ந்தார், கடைவாய்ப்பல் ஒன்று கொட்டையோடு சேர்ந்து வெளியே வந்தது. அவர் வீட்டிலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த வீடுகளில் நாங்கள் வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டோம். ஆனால் யாரும் அணைக்கவில்லை.

அதற்குப் பிறகு ரஃப்அத் மகளைத் தேடி அலெக்ஸாந்திரியா போனார். "நீ கட்டின முடிச்சை நீயே அவுத்துவிடு. மூணாவது பாகத்துல அந்தக் கெழவி அவரை மன்னிச்சுட்டதா எழுது. உனக்கு என்ன, ஒரு பக்கம் மை. அவருக்கு உயிர்" என்றார். தஹானி வாக்குவாதம் செய்யவில்லை. தாத்தாவின் முகம் கண்ணுக்குள் இருந்ததால் அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு மாத விடுமுறை எடுத்துக்கொண்டு எழுதினாள். மரணப்படுக்கையில் வேலைக்காரி முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைதானே அடித்தான், மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக் கண்ணை மூடும் அத்தியாயம். அதுவரை அவள் எழுதியவற்றிலேயே அழகான அத்தியாயம் அதுதான் என்று அவளுக்கே தோன்றியது.

சேதி கேட்டு ஹாஜி ஷவ்கத் தானே கிளம்பினார். கார் அனுப்புகிறேன் என்ற மகனைக் கையமர்த்திவிட்டு, சால்வையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு, எல்லோரையும்போல வாடகை வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனார். வழியில் ஒரு அறை விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் கூடையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு அவருக்கு இடம் விட்டாள்.

தஹானி அவருக்கு அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டினாள். படிக்கப் படிக்க ஹாஜியின் கன்னம் வெளுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்றரை வருடமாக வீங்கியிருந்த தாடை பழைய அளவுக்கு வந்தது. அவர் தேநீரை இரண்டு பக்கத்துப் பல்லிலும் படும்படி நிதானமாகக் குடித்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "எத்தனையோ நாளைக்கப்புறம் வலியே இல்ல."

"அப்ப நாளைக்கே அச்சுக்குக் குடுத்துடறேன், கித்தோ."

"கிழிச்சுப் போடு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவ அப்படிச் சொல்லல. அவ சாகும்போது நான் அங்க இல்லவே இல்ல. ஆலையில இருந்தேன். ஆள் வந்து சொன்னான். ஒடம்பைச் சுத்துற கஃபன் துணிக்கு ஒருத்தனை அனுப்பிட்டு நான் பாட்டுக்கு மூட்டை எடை போட்டுக்கிட்டு இருந்தேன். என் வீட்டுல இருந்த காலம் பூரா அவளுக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை இருந்ததில்ல. செத்த பொறகும் அவ வாயில நாமளே வார்த்தையைத் திணிக்கிறதா? எனக்குப் பல்லு வலிக்குதுன்னா?"

"பாபா சொன்னாரு, நீங்க செத்துடுவீங்கன்னு..."

"சாவேன். எல்லாரும்தான் சாவாங்க." பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, ஏதோ கடன் கேட்பவரைப்போலக் கேட்டார்: "நீ அவகூட அத்தனை நாள் உக்காந்திருக்கியே. அவளுக்கு என்ன புடிக்கும்? சாப்பாட்டுல, எதாவது?"

தஹானி யோசித்தாள். மொலோகியா கீரையா, மீனா, இனிப்பா? மப்ரூகா சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், எந்தக் கால் வலிக்கும், எதற்குச் சிரிப்பாள், ஒன்றும் தெரியவில்லை. அவளிடமிருந்து கதையை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து விளையாடப் போயிருக்கிறாள், பிறகு அதை எடுத்துப் பெயர் வாங்கியிருக்கிறாள். தாத்தாவைச் சுட்ட அதே வெட்கம் அவள் முகத்திலும் ஏறியது, அவளுடையதில் மட்டும் விரல்கள் தெரியவில்லை. எழுந்துபோய்த் தாள்களை நான்காகக் கிழித்தாள். கிழித்து முடிக்குமுன் ஹாஜியின் கன்னம் பழையபடி சிவந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியவர் ஒருநாள் காலைப் படகில் ஆற்றைத் தாண்டி மப்ரூகாவின் கிராமத்துக்குப் போனார். அவளுடைய சகோதரன் மகன் ஹமாதா அங்கே நெல் பயிரிட்டு, கந்தீல் ஆலை சொன்ன விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். அவனே அறுபது தாண்டியவன். முதலாளியே வீடு தேடி வந்ததும் பதறிப்போய், வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். ஹாஜி நாற்காலியில் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார். "நான் மப்ரூகாவோட மகன்" என்றார். தான் பிறந்து வளர்ந்த இத்தனை வருடத்தில் இந்த வாக்கியத்தை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த அறையில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்க குடும்பத்துல அப்படி யாரும் இல்லீங்க ஹாஜி" என்றான் ஹமாதா, தரையைப் பார்த்தபடி.

"இருந்தா. ஒங்கப்பாவோட அக்கா."

"அப்படி ஒருத்தி பட்டணத்துக்குப் போய் வயித்தைத் தள்ளிக்கிட்டான்னு எங்க அப்பா பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. நிக்காஹ் ஆச்சோ இல்லையோ, யாரு கண்டா? ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு பொட்டலம் சர்க்கரை வரும். யாரு அனுப்புறாங்கன்னு நாங்க கேக்க மாட்டோம்." அவன் பாயின் ஓரத்தை நீவினான். "சர்க்கரையைத் தின்போம் ஹாஜி. கேக்க மட்டும் மாட்டோம்."

ஹமாதாவின் மனைவி தட்டில் காப்பி கொண்டுவந்தாள். ஹாஜி எழுந்து நின்று இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். அவள் பயந்துபோய்க் கணவனைப் பார்த்தாள். மன்னிக்க அந்த வீட்டில் யாரும் இல்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள்தான் இருந்தார்கள் என்று திரும்பும் படகில் ஹாஜி படகுக்காரனிடம் சொன்னாராம். படகுக்காரன் அதைப் புரிந்துகொள்ளாமலே எங்களிடம் வந்து சொன்னான்.

அதன் பின் அவர் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. சவரக் கடைக்குப் போனார். ஆலைக்குப் போனார். பேசிக்கொண்டிருக்கும்போது அறை விழுந்தால் பேச்சை நிறுத்தி, அது முடிந்ததும் தொடர்ந்தார். வேண்டுமென்றே படிக்கிறவர்கள் ஊரில் குறைந்துபோனார்கள். உஸ்தா ஸுப்ஹி மட்டும் இடது பக்கத்துக்குப் புதுக் கத்தியாகப் போட்டார். தஹானியின் மூன்றாம் பாகம் வந்தது. அதில் வேலைக்காரி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே அவள் படுத்திருந்த இடத்தின் நீள அகலம் மட்டும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. விமர்சகர்கள் முந்தைய பாகத்தின் வேகம் இல்லை என்று எழுதினார்கள். அது அதிகம் விற்கவில்லை.

ஹாஜி ஷவ்கத் ஓர் அறுவடைக் காலத்தில், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது காலமானார். பெரிய கூட்டம். அக்கரையிலிருந்து ஹமாதா வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றான். தஹானி மயானத்தின் வாசலில் பெண்களோடு நின்றாள். கந்தீல் குடும்பத்துக் கல்லறையில் ஹாஜியை இறக்கிய பிறகு, ஓதுபவர் தலைமாட்டில் குந்தி உட்கார்ந்தார். கேள்விகேட்க வானவர்கள் வருமுன் இறந்தவனுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அப்போது அவனைத் தகப்பன் பெயரால் கூப்பிட மாட்டார்கள், தாயின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். உயிரோடிருக்கும் ஆண்பிள்ளை தன் தாயின் பெயரைத் தெருவில் யாருக்கும் சொல்லாத ஊர் எங்களுடையது. குழியின் ஓரத்தில்தான் அது முதலும் கடைசியுமாக வெளியே வரும்.

"தாய் பேரு?" என்று ஓதுபவர் நிமிர்ந்து ரஃப்அத்தைக் கேட்டார்.

கேள்வியே அநாவசியம். பக்கத்துக் கல்லறையில், ஹாஜியின் தாயாக ஊர் அறிந்திருந்த, துருக்கியப் பரம்பரையில் வந்த குல்ஃபிதான் அம்மாளின் பெயர் பளிங்கில் வெட்டியிருந்தது. அதைப் படித்தாலே போதும். ரஃப்அத் அந்தப் பளிங்கைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். ஆலையின் பங்குதாரர்கள், சம்பந்திகள், அதிகாரிகள், எங்களைப்போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எதையோ முணுமுணுத்தார்.

"காதுல விழல" என்றார் ஓதுபவர்.

ரஃப்அத் தலையைக் குனிந்துகொண்டார், குனிந்தபடியே, மயானத்தின் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மப்ரூகா" என்றார். அதே நேரத்தில் எந்த ஊரிலோ யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க வேண்டும். அறை ரஃப்அத்தின் இடது கன்னத்தில் விழுந்தது. ஐந்து விரல்களும் தெளிவாக எழும்பின. ரஃப்அத் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஓதுபவர் குழிப்பக்கம் குனிந்து, "ஷவ்கத்தே, மப்ரூகாவின் மகனே" என்று தொடங்கினார்.